அப்பா 2005-இல் வாங்கிய 7 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமரா பரணில் கிடைத்தது. நான்கு பென்சில் செல் போடுவது, திரை வெளியே திரும்பும். செல் போட்டும் ஆன் ஆகவில்லை. இன்னும் பயன்படுமா, வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

விற்காதீர்கள் என்பதுதான் என் பதில். காரணம் கொஞ்சம் நீளம்.

நான்கு பென்சில் செல், வெளியே திரும்பும் திரை, 7 மெகாபிக்சல் என்று நீங்கள் கொடுத்திருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் அது கேனன் பவர்ஷாட் ஏ620 ஆகத்தான் இருக்க வேண்டும். என்னிடமும் அதுதான் இருக்கிறது. 2006-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்த அத்தை மகன் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தார். 15,000 ரூபாய்க்குப் பக்கம் ஆனது, அப்போது அது எனக்கு இரண்டு மாதச் சம்பளம். அதை யாராவது பழைய குப்பை என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

முதலில் ஆன் ஆகாத விஷயம். என்ன செல் போட்டீர்கள்? சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் என்றால் அது வேலைக்கு ஆகாது, இந்தக் கேமரா இழுக்கிற அளவுக்கு அந்தச் செல்லால் மின்சாரம் கொடுக்க முடியாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல், எனலூப் மாதிரி, நான்கு வாங்குங்கள். அதற்கு முன் செல் வைக்கும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். பழைய செல் கசிந்ததால் வருவது அது, பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் படங்களைச் சேமிக்கும் மெமரி கார்டு. 2 ஜிபிக்கு மேல் போடாதீர்கள். 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஹெச்சி கார்டு என்ற ஒன்றே 2006-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய இந்தக் கேமராவால் 4 ஜிபி, 32 ஜிபி கார்டையெல்லாம் படிக்க முடியாது. இந்த இரண்டும் தெரியாமல் நல்ல கேமராவைச் செத்துவிட்டதாக நினைத்து எடைக்குப் போட்டவர்களை எனக்கே தெரியும். ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனபோது ஆன் செய்துகூடப் பார்க்காமல் 300 ரூபாய் என்றார்கள், நான் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போதைய போனோடு ஒப்பிட்டு யாராவது சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஒத்துக்கொள்கிறேன். இருட்டில் போன்தான். வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி உணர வேண்டும் என்பதற்கான ஐஎஸ்ஓ அளவு இதில் 400 வரைதான் உண்டு, அதிலேயே படம் மணல் தூவியது போல் ஆகிவிடும். வீடியோவும் 640க்கு 480தான். ஆனால் பகல் வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 50-இலோ 100-இலோ, ஃபிலிம் கேமரா கணக்கில் 35-இலிருந்து 140 மில்லிமீட்டர் வரை லென்ஸே நகர்ந்து போகிற உண்மையான ஜூமில் எடுத்துப் பாருங்கள். தோல் தோலாக இருக்கும், இலை இலையாக இருக்கும். தானாக எதையும் மெழுகி வழவழப்பாக்காது. எனக்கு வேண்டியது அதுதான்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாயி போட்டோவுக்கு நிற்கவே மாட்டார். "அந்தப் பொட்டிய உள்ள வைடா, போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும்" என்பார். 2007 சித்திரையில் ஒரு நாள் காலையில் திண்ணையில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து, திரையை மேல்பக்கம் திருப்பி, ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பேசிக்கொண்டே எடுத்தேன். கண்ணருகே தூக்க வேண்டியதில்லை என்பதால்தான் அது முடிந்தது. கேட்காமல் எடுத்தது தப்பு என்று சொன்னால் வாதாட மாட்டேன். அன்று மாலையே திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கை மட்டும் எங்க அம்மா கை மாதிரி இருக்கு" என்றார். அழிக்கச் சொல்லவில்லை.

2013-இல் அப்பாயி போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இருந்த ஒரே நல்ல படம் அதுதான். காரியத்துக்குள் வேண்டும் என்று சித்தப்பா ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார். அவர்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீலத்தைப் போட்டு, சுருக்கத்தையெல்லாம் தேய்த்து, நிறத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். மாலை போட்ட சட்டத்துக்குள் யாரோ ஒரு அம்மா. வந்தவர்கள் "நல்லா பளிச்சுன்னு இருக்கு" என்று சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. எண்பது வருஷம் வெயிலில் நடவு நட்ட முகம் அது, அதைக் கேட்காமல் வெளுக்க இவர்கள் யார்? கல்யாண ஆல்பங்களிலும் இதே கதைதான். என் தங்கை கல்யாண ஆல்பத்தில் அவள் நிறமே இல்லை, கேட்டால் "எல்லோரும் இப்படித்தான் சார் கேட்பாங்க" என்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை. கறுப்பாக இருப்பது திருத்த வேண்டிய பிழை என்று இவர்களுக்கு யார் சொன்னது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நானே மூலக் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு லேபுக்குப் போனேன். 3072க்கு 2304 பிக்சல், 12க்கு 16 அங்குலத்தாளில் ஓரம் எதுவும் வெட்டுப்படாமல் அப்படியே உட்கார்ந்தது. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 192 பிக்சல்தான் வருகிறது, 300 இல்லாமல் பிரிண்ட் போடக்கூடாது என்பவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். விரலில் ஒட்டிய புளி நார் தெரிகிறது. அரிவாள்மனையும் இருக்கிறது. இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான், நீலப் படம் பீரோவுக்குள் போய்விட்டது.

சிசிடி என்பது வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரில் ஒரு பழைய வகை. அது உள்ள இந்த மாதிரி கேமராக்களை "சிசிடி கலர்" என்று சொல்லி இப்போது இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள், அதனால் நல்ல விலைகூட வரலாம். சிசிடி சென்சாருக்குத் தனி மாயம் இருப்பதாக நான் நம்பவில்லை, நிறம் பெரும்பாலும் கேமரா படத்தைப் பதப்படுத்துகிற விதத்தில்தான் வருகிறது. பிடித்திருந்தால் வாங்கட்டும்.

ஆனால் உங்களுடையது அப்பாவின் கேமரா. உள்ளே கார்டு இருக்கிறதா பார்த்தீர்களா? இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துப் பக்கத்திலிருக்கும் பூட்டை லாக் பக்கம் தள்ளிவிட்டு, கார்டு ரீடரில் போட்டுக் கணினியில் திறங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலியாகத் தெரிந்தாலும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், அழித்த படங்கள் பல நேரம் அடியில் அப்படியே கிடக்கும். என் பழைய கார்டில் அப்படித்தான் பதினொரு படம் வந்தது. பாதி மாடும் வரப்பும். ஒன்றில் எங்கள் அப்பா மோட்டார் கொட்டகைப் பக்கம் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறார். நான் எடுத்ததே எனக்கு நினைவில்லை.