கவ்வாத்துக் கத்தியை எடுத்த கை

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தவர் சென்ற மாதம் சம்பள நாள் இரவு தன் மனைவியைத் தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார். அவள் வலது கையில் ஆழமான காயத்தோடு வைத்தியசாலையில் இருக்கிறாள். அவர் விளக்கமறியலில் இருக்கிறார். மூன்று வருடங்களாகவே அடி உண்டு. பெரும்பாலும் கள்ளச்சாராயமான கசிப்புக் குடித்த இரவுகளில். நாங்கள் எல்லோரும் ஒரே சபை. சபையார் சிறைக்குச் சென்று ஜெபித்துவிட்டு வந்து, "வெட்டியது அவரில்லை, அவருக்குள் புகுந்த அசுத்த ஆவி. இப்போது அது போய்விட்டது. அவருக்கு எதிராகப் பேசுவது பிசாசுக்குத் துணை போவது" என்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள் நான். பொலிஸில் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. விசுவாசியாக இருந்துகொண்டு சாட்சி சொல்லலாமா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: சொல்லலாமா என்று கேட்கிறீர்கள், சகோதரி. சொல்லியே ஆக வேண்டும். வேதத்தின் பெயரைச் சொல்லித்தான் உங்கள் வாயை அடைக்கிறார்கள் என்பதால் வேதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நற்செய்தி நூல்களில் பிசாசு பிடித்தவர்கள் பலர் வருகிறார்கள். கல்லறைகளில் திரிந்து கல்லால் தன்னையே காயப்படுத்திக்கொண்ட மனிதன், தீயிலும் தண்ணீரிலும் விழுந்து துடித்த சிறுவன், பேச்சிழந்தவன், கானானியப் பெண்ணின் மகள். எல்லோரும் வதைபடுகிறவர்கள். அவர்களுக்காகத் தாயும் தகப்பனும் அழுதுகொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது வீட்டுக்காரியை வெட்டிவிட்டு வந்து நின்றதாக எழுதப்படவில்லை. பிசாசு பிடித்தவன் பிறரைத் தாக்கிக் காயப்படுத்தியதாக அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே அடிபட்டவர்கள், இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயோட்டிப் பார்க்க வந்த ஸ்கேவாவின் குமாரர்கள்.

கொலை எங்கிருந்து வருகிறது என்பதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லிவிட்டார். மனிதனுடைய இருதயத்திற்குள்ளிருந்து வருகிறது என்றார். காயீன் தம்பியைக் கொல்லுமுன் கடவுள் அவனிடம் பேசுகிறார்: பாவம் வாசற்படியில் படுத்திருக்கும், நீ அதை ஆண்டுகொள்ள வேண்டும் என்கிறார். வாசற்படியில் படுத்திருப்பதை உள்ளே விட்டவன் காயீன். அதனால்தான், "உன் சகோதரன் எங்கே?" என்ற கேள்வி அவனிடம் கேட்கப்படுகிறது.

யூதாசுக்குள் சாத்தான் புகுந்தான் என்று லூக்காவும் யோவானும் எழுதியிருக்கிறார்களே என்று உங்கள் சபையார் கேட்கலாம். கேட்கட்டும். அதே யூதாசைக் குறித்துத்தான், மனுஷகுமாரனைக் காட்டிக்கொடுக்கிற அந்த மனிதனுக்கு ஐயோ என்று இயேசு சொன்னார். அந்த ஐயோ சாத்தானுக்குச் சொல்லப்பட்டதன்று, யூதாசுக்குச் சொல்லப்பட்டது. காணி விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துப் பொய் சொன்ன அனனியாவின் இருதயத்தைச் சாத்தான் நிரப்பினான் என்று சொன்ன பேதுருவும், கணக்கை அனனியாவிடமே கேட்டார். சாத்தானை முழுமையாக நம்பிய அந்த முதல் தலைமுறை விசுவாசிகளே ஒரு மனிதனின் பழியைச் சாத்தானின் தலையில் இறக்கிவைக்கவில்லை. உங்கள் சபைக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று வருட அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வருடங்களில் காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அவரை ஏசிய நாள் ஒன்றாவது இருந்திருக்கும். அப்போது அந்த அசுத்த ஆவி கை ஓங்கியதா? தோட்ட அதிகாரியான துரையின் பங்களாவுக்கு முன்னால் நின்று கத்தியதா? பகல் முழுவதும் மலையில் அதே கத்தியால் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய கை, பக்கத்து நிரையில் நின்றவனைத் தொடாமல், இரவில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள், திருப்பி அடிக்க முடியாத ஒருத்தியை மட்டும் தேடிப்பிடித்திருக்கிறது. யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். என் சிறு வயதில் இதே காரியத்துக்கு, "முனி அடித்துவிட்டது" என்பார்கள். கோடாங்கி வருவார், உடுக்கை ஒலிக்கும், சேவல் அறுபடும். மறுநாள் ஆண் வேலைக்குப் போவான். பெண் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு கொழுந்துக்குப் போவாள். இன்று உடுக்கை இருந்த இடத்தில் ஒலிபெருக்கி, முனி இருந்த இடத்தில் அசுத்த ஆவி. அந்தப் பெண்ணின் முக்காடு அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீதிமன்றத்தில் இந்த வாதம் என்ன ஆனது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1981 பெப்ரவரியில் ஆர்னி ஜோன்சன் என்ற 19 வயது இளைஞன், தான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைக் கத்தியால் குத்திக் கொன்றான். குத்தியது அவனுக்குள் இருந்த பேய், ஆகவே அவன் குற்றவாளி அல்லன் என்று வாதாட அவனுடைய சட்டத்தரணி முன்வந்தார். நிரூபிக்க முடியாத ஒன்றை என் மன்றத்தில் வாதமாக ஏற்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் கலஹன் மறுத்துவிட்டார். பேய் என்றவர்கள் அதன் பிறகு தற்காப்பு என்றார்கள். அவ்வளவு சுலபமாகக் கைவிடக்கூடியதாக இருந்தது அந்தப் பேய். ஜோன்சன் குற்றவாளியாகக் காணப்பட்டு, 10 முதல் 20 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை பெற்றான். நியூயோர்க்கில் 1976, 1977 ஆம் ஆண்டுகளில் 6 பேரைச் சுட்டுக்கொன்ற டேவிட் பெர்கோவிட்ஸ், பக்கத்து வீட்டு நாய்க்குள் இருந்த பிசாசு கட்டளையிட்டது என்றான். 1979 இல் அது தான் கட்டிய கதை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

நம் நாட்டுச் சட்டத்திலும் பிசாசுக்கு இடமில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 77ஆம் பிரிவு இருக்கிறது. சித்தசுவாதீனம் இல்லாததால், தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்கிறது அது. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. தானாகக் குடித்து வந்த வெறியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்தால் வைத்தியர் பரிசோதித்து மன்றத்தில் சொல்லட்டும். அதற்குரிய சிகிச்சையும் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்கட்டும். ஜெபக்கூட்டம் அந்தச் சான்றிதழைக் கொடுக்க முடியாது. மனநோயாளிகள் என்றாலே கத்தி எடுப்பவர்கள் என்ற எண்ணமும் யாருக்கும் வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். ஜேர்மனியில் அனலீஸ் மிஷெல் என்ற 23 வயதுப் பெண்ணுக்கு 67 தடவை பேயோட்டினார்கள். 1976 இல் அவள் சுமார் 30 கிலோ எடையோடு பட்டினியில் இறந்துபோனாள். பெற்றோரும் இரண்டு குருமாரும் 1978 இல் தண்டிக்கப்பட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபைகூட ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டக் கூடாது என்றும், அதற்கு முன் நோய் அன்று என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

சிறைக்குச் சென்று ஜெபித்ததை நான் குறை சொல்லவில்லை. சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போவது கிறிஸ்து சொன்ன காரியம். ஆனால், நோயாளியைப் பார்க்கப் போவதையும் அதே இடத்தில் அவர் சொல்லியிருக்கிறார். சபையார் எத்தனை முறை வார்ட்டுக்குப் போனார்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். அப்படி ஒரு வரி இல்லை. அவர் மனந்திரும்பியிருந்தால் அதற்கு முதல் அடையாளம், "நான்தான் வெட்டினேன்" என்று சொல்வது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவிடாமல் அவரைத் தடுத்துக்கொண்டிருப்பது உங்கள் சபை. மன்னிப்பதும் சபையின் வேலை அன்று. வெட்டுப்பட்ட கை யாருடையதோ அவள் மன்னிக்கட்டும், அவளுக்கு மனம் வந்தால், வரும் நாளில்.

நாளைக்கே பொலிஸுக்குப் போங்கள். கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் காதால் கேட்டதை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணி, யார் குரல், என்ன வார்த்தை. அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதிவிட்டால், தமிழில் வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். யாராவது மிரட்டினால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். 1938 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அதைக் கொடுங்கள். அவள் வீடு திரும்பும்போது அவர் நெருங்கிவிடாதபடி 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

பிறகு வைத்தியசாலைக்குப் போய் அவளைப் பாருங்கள். அந்தக் காம்பராவில் பிள்ளைகள் இருந்தார்களா, இருந்தால் இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எனக்கு எழுதுங்கள்.