புது மீனைத் தொட்டியில் விடுவது எப்படி? உப்புநீர் மீன் வளர்ப்புக் கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம் வாசகர்: அண்ணே, என் உப்புநீர்த் தொட்டி 3 அடி, இரண்டு வருஷமாக ஓடுகிறது. கோமாளி மீன் ஜோடியும் ஒரு சிக்ஸ்லைன் ராஸும் இருக்கின்றன. ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கி எப்படி உள்ளே விடுவது?

பதில்: தம்பி, உங்கள் ராஸை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சிக்ஸ்லைன் தனக்குப் பின்னால் வரும் சாதுவான சின்ன மீனை விரட்டும். ஃபயர்ஃபிஷ் பயந்த சுபாவம். விரட்டினால் பொந்துக்குள் பட்டினி கிடக்கும், இல்லையென்றால் தொட்டியை விட்டே குதித்துவிடும். முதலில் வலை மூடி போடுங்கள். காலையில் தரையில் காய்ந்து கிடந்த மீனை நான் பொறுக்கியிருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, 4 வாரமாவது தனித் தொட்டியில் வையுங்கள். 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி, பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஊறவைத்த ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். மணல் வேண்டாம். வெள்ளைப் புள்ளி நோயைக் கொண்டுவரும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, பெருகித் திரும்பி வரும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இந்த நோய்க்கான செம்பு மருந்தைத் தனித் தொட்டியில்தான் போட வேண்டும். பெரிய தொட்டியில் போட்டால் இறாலும் பவளமும் செத்துவிடும். நோய் பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் அதை மீனில்லாமல் வைக்கச் சொல்வார்கள். 4 வாரப் பொறுமை அதைவிட லேசு.

அப்புறம், துளையிட்ட, உள்ளே தெரியும் பெட்டியைப் பெரிய தொட்டிக்குள் தொங்கவிட்டு, புது மீனை அதில் ஒரு வாரம் வையுங்கள். பெட்டிக்கும் மூடி வேண்டும். ராஸ் பெட்டியை முட்டுவதை நிறுத்திய பிறகு, கற்களை இடம் மாற்றி, பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கணைத்துத் திறந்துவிடுங்கள். முட்டிக்கொண்டே இருந்தால் ராஸ், ஃபயர்ஃபிஷ் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

பட்டர்வொர்த் வாசகர்: கடையிலிருந்து மீன் வந்த பையை எவ்வளவு நேரம் தொட்டியில் மிதக்கவிடணும்?

பதில்: 15 முதல் 20 நிமிடம், விளக்கை அணைத்துவிட்டு. சூடு சமமானால் போதும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: எங்கள் மாமா பைத் தண்ணீரோடு மீனை வாளியில் விட்டு, 3 மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுத்தான் பழக்குவார். 20 நிமிடம் என்பது அவசரமில்லையா?

பதில்: கட்டிய பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் (அமில, கார அளவு) இறங்கியிருக்கும். அப்போது அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாகும். அந்தத் தண்ணீரில் 3 மணி நேரம் வைத்தால் மீன் அதிலேயே வேகும். இங்கே மதியத்தில் வாளித் தண்ணீர் 30 டிகிரிக்குப் போய்விடும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடும் உங்கள் தொட்டியோ 26.

மீண்டும் அவரே: அப்போ மாமாவின் மீன்கள் எப்படிப் பிழைத்தன?

பதில்: பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீன் தாங்கியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் பையில் வந்த மீன் தாங்காது. மாமா பயந்ததிலும் நியாயம் உண்டு: உப்பு வித்தியாசம். பல கடைகளில் உப்பைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தியை 1.020 அளவில், சில நேரம் அதற்கும் கீழே வைப்பார்கள். உங்கள் தொட்டி 1.025 இருக்கும். பைத் தண்ணீரை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளக்கும் கருவியில் பாருங்கள். தனித் தொட்டியை அதே அளவுக்குக் கலக்கி வைத்து, மீனை நேரே மாற்றி, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றுங்கள். இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் மாமாவின் சொட்டு முறைதான் சரி. அவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கெலுகோர் வாசகர்: பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாமா?

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது.

ஜெலுத்தோங் வாசகர்: பை எவ்வளவு நேரம் மிதக்கணும்?

பதில்: பட்டர்வொர்த் வாசகருக்குச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து மேலே படியுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: 2 அடித் தொட்டி, வைத்து 2 மாதம். மாண்டரின் மீன் விடலாமா?

பதில்: வேண்டாம். நாள் முழுக்கக் கற்களில் உயிருள்ள கோபிபாட் என்ற மிகச் சின்ன நீருயிர்களைப் பொறுக்கித் தின்னும் மீன் அது. உங்கள் தொட்டியில் பட்டினியால் சாகும்.

தஞ்சோங் பூங்கா வாசகர்: என் நன்னீர்ச் சண்டை மீனுக்குத் துடுப்பு கிழிகிறது...

பதில்: அது என் துறை இல்லை. நன்னீர் வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர், மறுபடி: வாங்கிய ஃபயர்ஃபிஷ் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பதில்: இரண்டு நாள் சகஜம். உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்து, குழாய்த் துண்டின் வாயருகே சிறிது விடுங்கள். தின்னாததை உடனே உறிஞ்சி எடுங்கள். கண்ணாடியருகே போய் நின்று பார்க்காதீர்கள். அந்தத் தனித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? இல்லையென்றால் இன்று ராத்திரிக்குள் போட்டுவிடுங்கள்.