வாசகர் கேள்வி: குழுவில் பேசிய நினைவுகளை ஆய்வுக்கு எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் உடைக்கப்பட்ட பின் குடும்பங்கள் பல தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்தன. அவர்களுக்கென ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. நானும் அதில் உறுப்பினர். பெரட்டுக்களம் (காலையில் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம்), பால்மரம் வெட்டு, கோயில் திருவிழா என்று அதில் எழுதப்பட்டுவரும் நினைவுகளை என் முதுகலைப் பண்புசார் ஆய்வில் (எண்களைவிட மக்களின் அனுபவங்களை ஆராயும் ஆய்வில்) பயன்படுத்தலாமா? எத்தனை பேரின் கருத்து போதும்?
– ஆய்வு மாணவி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது. அங்கே எழுதியவர்கள் உங்களைத் தோட்டத்துப் பிள்ளையாக நம்பி எழுதினார்களே தவிர, ஆய்வாளராக எண்ணி எழுதவில்லை. குழு நிர்வாகி தலையசைத்துவிட்டால் அது எல்லாருடைய ஒப்புதலும் ஆகிவிடாது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்ற பின், ஆய்வுக்கென்றே தனிக் குழு தொடங்கி, நோக்கத்தை எளிய தமிழில் விளக்கி, விரும்புகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவு ஏதேனும் இன்றியமையாதது என்றால் எழுதியவரிடம் தனியே கேளுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கையில் அது போதவே போதாது. 'கிராணியின் (தோட்ட எழுத்தரின்) மூத்த மருமகள்' என்று நீங்கள் எழுதினால், அவர் யாரென்று ஊருக்கே தெரியும். கங்காணி (தொழிலாளர்களை மேற்பார்த்தவர்) கூலியைப் பிடித்துக்கொண்ட கதையை ஒருவர் சொல்லியிருந்தால், அந்தக் கங்காணியின் பேரப்பிள்ளைகளும் அதே தாமானில் அடுத்த வரிசையில் குடியிருக்கக்கூடும். ஆகவே உறவுமுறையையும் லய எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்த 'நிறைவு' என்ற கருத்தே இன்றும் வழிகாட்டுகிறது: புதிதாகப் பேசுகிறவர்களிடமிருந்து உங்கள் கருப்பொருளுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காதபோது நிறுத்தலாம்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, எழுதாதவர்களின் மௌனம். 1948 ஜூன் 16 அன்று தோட்ட அதிகாரிகளான ஐரோப்பியர் மூவர் கொல்லப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்த வட்டாரம் உங்களுடையது. அக்காலத்தைப் பற்றிக் குழுவில் பேச்சே இல்லையென்றால், நினைவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மேலும், பால்மரம் வெட்டிய மூதாட்டிகள் பலர் தட்டச்சு செய்யமாட்டார்கள். அவர்களின் வீட்டுக்கே சென்று, பேசுவதைப் பதிவுசெய்து, எழுதியதை அவர்களுக்கே படித்துக்காட்டி, வேண்டாம் என்று சொல்லும் வரிகளை நீக்கிவிடுங்கள்.