விண்வெளியில் எடுத்த பூமிப் படங்களில் விண்மீன்கள் ஏன் தெரிவதில்லை?

1968 டிசம்பர் 24 அன்று, அப்பல்லோ 8 கலம் நிலவைச் சுற்றிவந்தபோது விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ் எடுத்த வண்ணப் படத்தில் நிலவின் விளிம்புக்கு மேல் நீலப் பூமி எழுகிறது. பின்னணியோ விண்மீனே இல்லாத கருமை. காரணம் ஒளிபடு நேரம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் கால அளவு. வெயில் படும் பூமியும் நிலவுத் தரையும் மிகப் பிரகாசமானவை என்பதால், அவை வெளுத்துப்போகாமல் பதிய நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே போதும். அதற்குள் விண்மீன்களின் மங்கிய ஒளி பதிவதில்லை. இரவில் விளக்கொளியில் நிற்கும் கோயில் கோபுரத்தைக் கைபேசியில் எடுத்தால், கோபுரம் துலங்கி வானம் வெறும் கருப்பாக விழுவதும் இதனால்தான்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர் டான் பெட்டிட் நீண்ட ஒளிபடு நேரத்தில் எடுத்த படங்களில் விண்மீன்கள் வளைகோடுகளாக நிறைந்திருக்கும். ஆகவே, விண்மீன் தெரியாத படம் போலி என்று பலர் கருதுவது தவறு. பகலொளியில் எடுத்த படம் அப்படித்தான் அமையும்.