தூரம் ஒன்று, நேரம் மூன்றா?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் சென்று திரும்பப் பயணச்சீட்டு வாங்க இருக்கிறேன். தூரம் காட்டும் இணையதளம் ஒன்று 5,540 கி.மீ., பறக்கும் நேரம் ஆறரை மணி என்கிறது. விமான நிறுவனமோ போவதற்கு 8 மணி நேரம், வருவதற்கு 7 மணி நேரம் என்று காட்டுகிறது. நியூயார்க்கிலிருந்து வேறொரு விமானம் பிடிக்க வேண்டியிருப்பதால், எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது?

பதில்: விமான நிறுவனம் தரும் நேரத்தையே கொள்ளுங்கள். அந்த இணையதளம் செய்வது வெறும் வகுத்தல்தான். பூமியின் வளைந்த பரப்பில் இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, மணிக்கு 850 கி.மீ. போன்ற ஒரே வேகத்தால் வகுத்து விடையைத் தந்துவிடுகிறது. அதில் காற்றுக்கும் இடமில்லை, ஓடுபாதையில் காத்திருப்பதற்கும் இடமில்லை.

பயணச்சீட்டில் உள்ள நேரம், புறப்படும் விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகரும் கணத்தில் தொடங்கி, சென்றடையும் ஊரில் அது நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து செல்வதும், இறங்க அனுமதி கிடைக்காமல் வானில் வட்டமடிப்பதும் இதற்குள் அடக்கம். தாமதத்தை ஈடுகட்ட நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பின் பெருமையில் பாதி, அட்டவணை போட்டவரையே சேரும்.

போக்குக்கும் வரத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம், ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் கடுங்காற்று. 2020 பிப்ரவரியில் அது மிக வலுவாக வீசியபோது, நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. எதிர்த்திசையில் அதே காற்று முகத்தில் மோதும். வான்வழி மூடப்பட்டாலும் நேரம் நீளும்: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை சென்றது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

சீட்டில் அச்சாகும் மணி அந்தந்த ஊரின் மணி என்பதையும் மறக்க வேண்டாம். லண்டனில் காலை 11.00 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2.00 மணிக்கு இறங்குவதாக இருந்தால், அது 3 மணி நேரப் பயணமன்று. 5 மணி நேர வேறுபாட்டைக் கூட்டினால் 8 மணி நேரம். இரு நாடுகளும் கோடைக்கால நேரத்தை வெவ்வேறு நாட்களில் மாற்றுவதால், மார்ச்சிலும், அக்டோபர் இறுதியிலும் சில நாட்களுக்கு இவ்வேறுபாடு 4 மணி நேரமாகிவிடும்.

வாங்கும்போது ஒரு சொல்லில் ஏமாறாதீர்கள். "டைரக்ட்" விமானம் வழியில் இறங்கி ஏறக்கூடும். ஒரே விமான எண்ணில் பறந்தால் போதும், அப்படி அழைக்கலாம். எங்கும் நிற்காமல் செல்வது "நான்-ஸ்டாப்" மட்டுமே.

அடுத்த விமானத்தையும் இயன்றவரை ஒரே பதிவில் வாங்குங்கள். முதல் விமானம் தாமதமானால் மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போது பொதுவாக நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கினால், குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மீண்டும் ஒப்படைத்து, பாதுகாப்பு வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் உங்கள் கணக்கு. அதற்கு 4 மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.