மார்பகக் கட்டி: 'பைராட்ஸ் 4' என்றால் புற்றுநோயா?

கேள்வி: வயது 33. தாய்ப்பாலை நிறுத்தி 2 வருடம் ஆகிறது. ஒரு மாதமாக வலது மார்பகத்தில் வலியோடு கட்டி, மேலே சிவப்பு. இருமுறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. ஸ்கேனில் 'பைராட்ஸ் 4' என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் கீறிவிடலாம் என்கிறார், இன்னொருவர் டிபி மாத்திரை தொடங்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் பயாப்ஸி.

பைராட்ஸ் என்பது மார்பக ஸ்கேனில் சந்தேகத்தின் அளவைக் குறிக்கும் எண். 4 என்றால் 'படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, திசுவை எடுத்துப் பாருங்கள்' என்றுதான் பொருள். புற்றுநோய் வாய்ப்பு 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலும் 90 சதவீதம் இருந்தாலும் இதே எண்தான் போடுவார்கள்.

உங்கள் அறிக்கையில் என் கண்ணில் பட்டது வேறு: ஒழுங்கற்ற கரும்பகுதி, அதிலிருந்து விரல் விரலாக நீளும் குழாய்கள், தோலடியில் சீழ்த் தேக்கம், அக்குளில் நெறி. பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் இப்படி வந்தால் கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அரிய அழற்சியை நினைக்க வேண்டும். அது புற்றுநோய் அல்ல. ஆனால் மேமோகிராம், எம்ஆர்ஐ இரண்டிலுமே புற்றுநோய் மாதிரியே தெரியக்கூடும். மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசியும் போதாது.

ஸ்கேன் பார்த்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, 14 கேஜ் என்ற தடித்த ஊசியால் கோர் பயாப்ஸி (திசுவைத் துண்டாகவே எடுப்பது) எடுக்கச் சொல்லுங்கள். சீழ் நடுவில் குத்தினால் செத்த திசுதான் வரும். கட்டியின் கெட்டியான ஓரத்தில் நாலைந்து துண்டு வேண்டும். பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த நிமிடத்தில். எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது. இரண்டு துண்டையாவது சுத்தமான சலைன் பாட்டிலில் போட்டு ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), டிபி கல்ச்சர், சாதாரண கல்ச்சர் மூன்றுக்கும் அனுப்ப வேண்டும். இதை ஊசி குத்தும் முன்பே கேட்டுவிடுங்கள். இந்த அழற்சியில் சிலருக்குக் காணப்படும் கோரினிபாக்டீரியம் மெதுவாக வளரும் கிருமி என்பதால் கல்ச்சர் தட்டைச் சில நாள் கூடுதலாக வைக்கும்படி லேப் சீட்டிலேயே எழுதலாம்.

பால் சுரப்பி மடல்களைச் சுற்றி கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) இருந்து, டிபி கிருமியும் இல்லையென்றால் நோய் பெரும்பாலும் கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்தான். சீஸ் போன்ற சிதைவு தெரிந்தால் டிபி பக்கம் சாய்வோம். டிபி கிருமி கொஞ்சமாக இருந்தால் ஜீன்எக்ஸ்பர்ட் தவறவிடலாம். அதனால் மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. ஆனால் டிபி இல்லை என்று தெளிவாகாமல் அதைத் தொடங்கினால், டிபி இருந்தால் பரவக்கூடும். தொடங்கும் முன் சர்க்கரையும் பார்க்க வேண்டும். லேசான கட்டி சில மாதங்களில் தானாகவே வற்றுவதும் உண்டு.

இந்த அழற்சிதான் என்றால் பொதுவாக மார்பகத்தை எடுக்கத் தேவையில்லை. கீறினால் புண் ஆறாமல் புரையோடக்கூடும். காய்ச்சல் வந்தாலோ தோல் பளபளத்து மெலிந்தாலோ அன்றே போய், ஸ்கேன் உதவியோடு ஊசியால் சீழை உறிஞ்சச் சொல்லுங்கள். அதையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.