பெயர் வேண்டாம் என்று எழுதியவர்களுக்கு

இந்த முறை வந்த மூன்று கடிதங்கள் ஒரே விடயத்தைச் சுற்றித்தான்: மனநல உதவி தேடிப் போவதா, போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மூன்றிலும் பெயரைப் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். போடவில்லை.

கேள்வி: அக்கா, நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். 2009 இல் தம்பிக்கு 8 வயது. யுத்தம் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அப்பா எங்கே என்று தெரியாது. தம்பி ஏ.எல். வரை நன்றாகத்தான் படித்தான். இப்போது வேலைக்கும் போவதில்லை, இரவில் நித்திரையும் இல்லை, கண்ணயர்ந்தால் கத்திக்கொண்டு எழும்புகிறான். திருவிழாவுக்கு வெடி கொளுத்தினால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவான். அம்மா செய்வினை என்று நம்பி கழிப்புக்கும் நூலுக்கும் காசு கொடுக்கிறார். ஆஸ்பத்திரி என்றால், 'விசரன் குடும்பம் எண்டு பெயர் வந்தா உனக்கு வந்த சம்பந்தமும் குழம்பும்' என்கிறார். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, கொண்டுபோங்கள். கலியாணம் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடிதத்தை மட்டும் பார்த்து இதுதான் வருத்தம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஷெல்லுக்கும் பங்கருக்கும் நடுவில் இருந்த பிள்ளைக்கு, ஆபத்து முடிந்து பல வருடமான பிறகும், வெடிச்சத்தம் கேட்டதும் யோசிக்க முதலே நெஞ்சு படபடக்கத் தொடங்குவது வைத்தியர்கள் நன்றாக அறிந்த ஒன்று. படிப்பு, பரீட்சை என்று ஒரு ஓட்டம் இருக்கும் வரை அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகு வெளியே வருவதும் உண்டு. இதோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். இரண்டுக்குமே சிகிச்சை இருக்கிறது: கதைத்துச் செய்கிற சிகிச்சை, தேவைப்பட்டால் குளிசை.

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். கணவருக்கு அந்திரட்டி செய்யவும் முடியாமல், வருவார் என்ற நம்பிக்கையை விடவும் முடியாமல் இத்தனை வருடம் இருந்த மனுசி, மகனுக்காக ஏதாவது செய்யத்தானே பார்க்கிறார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தால் வைக்கட்டும், கூடவே கிளினிக்குக்கும் போங்கள். அடித்துப் பேய் கலைக்கிறோம், மருந்தை நிற்பாட்டு என்று சொல்கிற இடங்களுக்கு மட்டும் தம்பியை விடவே கூடாது, அந்த இடத்தில் நீங்கள் குறுக்கே நிற்கத்தான் வேண்டும். நேரம் கிடைத்தால் அம்மாவும் ஒருமுறை வைத்தியரோடு கதைக்கட்டும். வடக்கில் நெடுங்காலம் வேலை செய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வன்னியில் நடந்ததைத் தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்கக்கூடாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று எழுதியவர். உங்கள் வீட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கூட. காசு கட்டத் தேவையில்லை. சீனி வருத்தக்காரர் போகிற அதே கேற்தான். உள்ளே போனால் நித்திரை, சாப்பாடு, பயம், குடி, வீட்டு நிலைமை எல்லாம் கேட்பார்கள், தம்பியோடு தனியாகவும் கதைப்பார்கள். போன உடனே பிடித்து வார்ட்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் கதைத்துவிட்டு மருந்தோடு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தம்பி மறுத்தால் 'நித்திரைக்கு மருந்து கேட்போம், வா' என்று கூப்பிடுங்கள். அது பொய்யுமில்லை.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்றுதான் பலருக்கு இருக்கும். வயல் மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். நம் நாட்டில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அந்த எண்ணம் பலருக்குக் கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்றுவிட்டு இறங்குகிறது, அந்த நேரத்தில் போத்தல் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். ஏதாவது நடந்துவிட்டாலும் பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 இலிருந்து இலங்கையில் குற்றமில்லை.

சம்பந்தத்துக்கு வருவோம். இரவில் தம்பி கத்துவது பக்கத்து வளவுக்கு ஏற்கெனவே கேட்டிருக்கும், ஊர் கதைத்தும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் மறைக்க வேண்டாம், 'தம்பிக்குச் சுகமில்லை, மருந்து எடுக்கிறான்' என்று சொல்லுங்கள். வன்னியில் அந்தக் காலத்தைத் தாண்டாத குடும்பம் எது? அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் போகட்டும். நீங்கள் நாளைக்கு அந்த வீட்டில்தானே வாழப்போகிறீர்கள்.

கேள்வி: எனக்கு 54 வயது, அக்கராயனில் வயல் செய்கிறேன். நெஞ்சு இறுக்கம், தலையிடி. ஈ.சி.ஜி., இரத்தம் எல்லாம் சரி என்றுவிட்டு மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். துண்டு சட்டைப்பையில்தான் கிடக்கிறது. எனக்கென்ன விசரோ?

பதில்: இல்லை ஐயா. உங்கள் நெஞ்சு உண்மையாகவே இறுகுகிறது, நீங்கள் நடிப்பதாக யாரும் நினைத்து அந்தத் துண்டை எழுதவில்லை. பதற்றமும் மனச்சோர்வும் எங்கள் ஆட்களிடம் உடம்பு வழியாகத்தான் அதிகம் பேசுகின்றன, ஆம்பிளைகளிடம் இன்னும் கூட. அழ விட்டு வளர்க்கவில்லையே. துண்டைக் கொண்டு போங்கள். மனச்சோர்வுக் குளிசை தந்தால் இரண்டிலிருந்து நான்கு கிழமை பொறுக்க வேண்டும், அதற்கு முதல் பெரிதாக வித்தியாசம் தெரியாது, பலர் அங்கேதான் 'இது சரிவராது' என்று விட்டுவிடுகிறார்கள். அது கஞ்சா, சாராயம் மாதிரி அடிமையாக்கும் சாமான் இல்லை. ஆனாலும் சுகம் வந்தவுடன் நீங்களாக நிற்பாட்டக்கூடாது, வைத்தியர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நித்திரைக்கென்று குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள் ஐயா, உங்களுக்கு என்ன செய்கிறது என்று அவருக்குத்தான் கூடத் தெரியும்.

கேள்வி: பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தர் எங்கள் ஊர்க்காரி. நான் சொல்வதை வெளியில் சொல்லமாட்டார் என்று எப்படி நம்புவது?

பதில்: நியாயமான பயம். கதைப்பதை இரகசியமாக வைத்திருப்பது அவருடைய தொழில் கடமை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால்தான் அதில் விலக்கு. முதல் சந்திப்பிலேயே 'இதை யாரிடம் சொல்வீர்கள், எங்கே எழுதி வைப்பீர்கள்' என்று கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள், முல்லைத்தீவில் தெரிந்த முகம் வருமென்றால் வவுனியாவுக்கு பஸ் எடுங்கள். பஸ்ஸுக்கும் வழியில்லாத இரவில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணிநேரமும் இருக்கிறது, தமிழில் கதைக்கலாம்.